பயத்துக்கும் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?

போன இதழில் "எதிர்பாராமல் வந்த வீடு" என்ற தலைப்பில் மர்மக் காதல் கதை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். கதைகளுக்கு முன்னால் கேள்விகள் வந்துவிட்டன, அதுவும் நல்ல கேள்விகள். அதனால் வழக்கமான சினிமா, அரசியல் கேள்விகளை இந்த முறை தள்ளி வைத்துவிட்டு முழுப் பக்கத்தையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

பழைய பங்களா, பூட்டிய அறை, வாய் திறக்காத வேலைக்காரம்மா, முரட்டுத்தனமான ஒரு அழகன். எல்லாம் சரி மேடம், ஆனால் இந்த வகைக் கதைகளில் ஏன் தவறாமல் ஒரு சொத்து வந்து நிற்கிறது? பயத்துக்கும் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பிறவியிலேயே இருக்கிற சம்பந்தம் அம்மா. இந்த வகையின் முதல் கதை என்று சொல்லப்படுவது ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 1764-ல் வெளியிட்ட, ஒட்ராண்டோ என்ற கோட்டையைப் பற்றிய நாவல். அதில் ராட்சத இரும்புத் தலைக்கவசம் ஒன்று விழுந்து கல்யாண நாளன்றே மாப்பிள்ளை நசுங்கிச் சாகிறான், சுவரில் மாட்டிய, கோட்டைப் பிரபுவின் தாத்தாவுடைய படம் சட்டத்தை விட்டு இறங்கி நடக்கிறது, இன்னும் என்னென்னவோ. இத்தனை ஆர்ப்பாட்டமும் எதற்கு என்று கடைசியில் பார்த்தால், அந்த தாத்தா தன் எஜமானருக்கு விஷம் வைத்து, பொய் உயில் ஒன்றைக் காட்டிக் கோட்டையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவர். உண்மையான வாரிசு ஏழைக் குடியானவனாக அதே கோட்டைக்குள் நிற்கிறான். ஆக முதல் கதையிலேயே பேயை வரவழைத்தது ஒரு பொய் உயில்தான்.

அடுத்த முப்பது வருஷத்தில், 1794-ல், ஆன் ராட்கிளிஃப் என்ற பெண் எழுதிய உடோல்ஃபோ நாவல் வந்தது. அதில் மோன்டோனி என்பவன் கதாநாயகியின் அத்தையைச் சொத்துக்காகக் கட்டிக்கொண்டு, மலைமேல் இருக்கும் கோட்டைக்குக் கூட்டிப்போய், "கையெழுத்துப் போடு, போடு" என்று நச்சரித்து, அவள் மறுத்ததும் அடைத்து வைக்கிறான். அவள் அங்கேயே செத்துப்போகிறாள். அடுத்து கதாநாயகியிடம் அதே காகிதத்தோடு வருகிறான். இதைப் படித்த அந்தக் காலத்துப் பெண்களுக்கு நடுங்கியது என்றால், அது இருட்டுக்காக மட்டும் இருந்திருக்காது. இங்கிலாந்தில் கல்யாணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரிலேயே முழுசாக வைத்துக்கொள்ள வழி செய்த சட்டம் வந்தது 1882-ல்தான். அதுவரை தாலி கட்டியவன் கையில் சாவிக்கொத்து.

நம் பக்கம் என்ன வாழ்ந்தது? சீதனம் என்று ஒன்று பெண்ணுக்கே உரியதாக இருந்தது, உண்மை. ஆனால் புருஷன் சொத்தில் விதவைக்கு 1937 சட்டம் கொடுத்த பங்கு, இருக்கிறவரை அனுபவித்துக்கொள், உன் இஷ்டத்துக்கு விற்காதே என்ற மாதிரியான பங்கு. அது முழு உரிமையானது 1956-ல். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தமிழ்நாட்டில் வந்தது 1989 மார்ச் 25-ல், அதிலும் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமாகிப் போனவளுக்கு 2005 வரை கிடையாது. அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பு அவசர அவசரமாக ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். பேய் இல்லாமலே வயிற்றைக் கலக்கும்.

சென்னையில் பனிமூட்டம் கிடையாது, மலைக்கோட்டை கிடையாது. வெயிலும் ஹாரன் சத்தமும்தான். இங்கே எப்படி சார் மர்ம பங்களா? கதையைக் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ கொண்டுபோய்விடட்டுமா?
– ஒரு வாசகர், வில்லிவாக்கம்

முதலில், நான் சார் இல்லை, மேடம். இரண்டாவது, தயவு செய்து கொண்டுபோகாதீர்கள். மலை பங்களாக் கதை தமிழில் போதும் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. சென்னையை யாரும் சரியாகத் தொடவில்லை என்பது என் ஆதங்கம்.

ஜார்ஜ் டவுனில் வாசல் எட்டடி அகலம்தான் இருக்கும், உள்ளே போனால் ரேழி, முற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும் வீடுகள் இருக்கின்றன. மூன்றாம் கட்டில் யார் இருக்கிறார்கள் என்று வாசலில் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. புரசைவாக்கம், எழும்பூர், அடையாறு பக்கம் வெள்ளைக்காரன் காலத்துத் தோட்ட வீடுகள் ஒன்றிரண்டு இன்னும் மிச்சம். அடையாற்றங்கரையில் ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி அதிகாரி 1790களில் கட்டிய கோட்டை மாதிரியான மாளிகை இன்றைக்கும் நிற்கிறது, சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் இடமாக. அவர் பிற்பாடு அதே ஆற்றில் படகு விபத்தில் மூழ்கி இறந்தார். இதைவிட என்ன வேண்டும்?

வீட்டை எழுதும்போது கூரையிலிருந்து ஆரம்பியுங்கள். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வார்களே, தேக்குச் சட்டங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டியது. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால் அந்தக் காரை ஊறி, ராத்திரியில் பொத்தென்று ஒரு துண்டு படுக்கையில் விழும், முகத்தில் சுண்ணாம்புத் தூள் அப்பிக்கொள்ளும், மேலே ஏதோ நடப்பது மாதிரி தடதடவென்று சத்தம் கேட்கும். அது பெரும்பாலும் மரநாயாக இருக்கும், பழைய வீடுகளின் கூரையில் இன்றும் குடியிருக்கிறது. ஆனால் அது உங்கள் கதாநாயகிக்கு முதல் ராத்திரியே தெரிய வேண்டியதில்லை.

பனிக்கு பதில் மழை. 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரியை நினைத்துப் பாருங்கள். ஆற்றோரப் பகுதிகளில் தண்ணீர் கிடுகிடுவென்று ஏறுகிறது, கரண்ட் போய்விட்டது, செல்போனில் டவர் இல்லை, கீழ்த்தளம் முழுகிவிட்டது, மாடியில் அவளும் அவள் முழுசாக நம்பாத ஒருவனும் மட்டும். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை நனையாமல் காப்பாற்றத் திறந்தே ஆக வேண்டிய கட்டாயம். இந்த நகரத்தில் அந்த ராத்திரி யாருக்கும் மறக்கவில்லை, வாசகரே தன் நினைவிலிருந்து பாதியை நிரப்பிக்கொள்வார்.

பழைய காலம் வேண்டுமென்றால் 1942 ஏப்ரல். ஜப்பான்காரன் வருகிறான் என்று அரசாங்கமே ஊரைக் காலி செய்யச் சொல்லி, மெட்ராஸில் தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்த சமயம். மிருகக்காட்சிசாலையில் சிங்கம், புலிகளைச் சுட்டே கொன்றார்கள். அந்த வாரத்தில் பூட்டிய ஒரு வீட்டுக்குள் யாராவது விடுபட்டிருந்தால்? அல்லது, எல்லோரும் போன பிறகு யாராவது உள்ளே வந்திருந்தால்?

பேய் வரலாமா, கூடாதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், அம்பத்தூர்

வரலாம், ஆனால் அதற்கு ஒரு பாக்கி இருக்க வேண்டும்.

ஒரு வரிக்கு மேல் சொல்லவும் ஆசை. ராட்கிளிஃப் தன் கதைகளில் கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்லிவிடுவார். கறுப்புத் திரைக்குப் பின்னால் கதாநாயகி பார்த்து மயங்கி விழுந்தது மெழுகுப் பொம்மை என்று முடிப்பார். வால்போல் கதையில் பேய் பேய்தான். இரண்டு பாதையும் இருக்கிறது. நடுவில் நின்று வாசகரை ஏமாற்றுவதுதான் எனக்குப் பிடிக்காதது. எந்தப் பாதை என்று எழுத உட்காரும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

என் கதாநாயகி திருச்சியில் நர்ஸ். அவளுக்கு யாரென்றே தெரியாத ஒரு பெண்மணி சென்னையில் ஒரு வீட்டை எழுதி வைக்கிறார். இது நம்பும்படியாக இருக்குமா? வக்கீல் வந்து எல்லோரையும் உட்கார வைத்து உயிலைப் படிக்கும் காட்சி வைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

நம்பும்படியாக இருக்கும். ஆனால் அந்த வக்கீல் காட்சியை எடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் அப்படி யாரையும் உட்கார வைத்துப் படிப்பது வழக்கம் இல்லை. இங்கே உயில் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கும், பூஜை அறையில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும், இல்லாவிட்டால் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து சாப்பிட்டு வெற்றிலை போடும்போது யாராவது ஒரு மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு "அக்கா ஒரு பேப்பர் எங்கிட்ட குடுத்து வச்சிருந்தா" என்பார். அந்த நிமிஷம் பந்தலில் விழும் அமைதி இருக்கிறதே, அதை எழுதுங்கள்.

உயிலைப் பற்றிச் சில விஷயம் தெரிந்துகொண்டால் உங்களுக்குக் கதை தானாகவே நகரும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாளில் எழுதலாம். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுதியவர் கையெழுத்தும், குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருக்க வேண்டும். பதிவு செய்தாலும்கூட அது தனிப் புத்தகத்தில் ஏறும், வீட்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தால் அதில் தெரியாது. அதாவது ஊரே வில்லங்கம் பார்த்து "சொத்து சுத்தம்" என்று நினைத்துக்கொண்டிருக்கலாம், உயில் ஒன்று எங்கோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

இதையெல்லாம்விட அருமையான ஒன்று 1908 பதிவுச் சட்டத்தில் இருக்கிறது, நம் கதாசிரியர்கள் ஏன் இன்னும் கை வைக்கவில்லை என்று எனக்கு ஆச்சரியம். ஒருவர் தன் உயிலை உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, உள்ளே இருப்பதை யாருக்கும் காட்டாமல் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து வைக்கலாம். உறைமேல் தன் பெயரும், இது உயில் என்பதும் எழுதினால் போதும். பதிவாளர் அதை ஐந்தாம் எண் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். எந்த வருஷம், எந்த மாதம், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தது, கொண்டுவந்தவர் இவர்தான் என்று அடையாளம் சொன்னவர் யார், அரக்கு முத்திரையில் படிக்கிற மாதிரி ஏதாவது எழுத்து இருந்தால் அதுவும் சேர்த்து. அப்புறம் உறை தீப்பிடிக்காத பெட்டிக்குள் போய்விடும். எழுதியவர் இறந்த பிறகு யாராவது போய் மனுக் கொடுத்தால், அவர் கண்ணெதிரே உறையைப் பிரித்து, மூன்றாம் எண் புத்தகத்தில் நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை மறுபடி உள்ளேயே வைத்துவிடுவார்கள். யாரும் போய்க் கேட்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும், வருஷக்கணக்கில்.

உங்கள் நர்ஸ் பெண்ணுக்கு ஒரு நாள் ஒரு பழைய கடிதம் கிடைக்கிறது, அதில் உறை எந்தத் தேதியில் ஒப்படைக்கப்பட்டது என்று மட்டும் இருக்கிறது, அவள் ஆபீசுக்குப் போய் வரிசையில் நிற்கிறாள், எழுத்தர் புத்தகத்தைப் புரட்டி "முத்திரையில 'ர'ன்னு ஒரு எழுத்து இருக்கும்மா" என்கிறார், அவளுக்குத் தன் அம்மா கழற்றவே மாட்டேன் என்ற மோதிரம் ஞாபகம் வருகிறது. உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

உயிலின் மொழியையும் விட்டுவிடாதீர்கள். "நான் நல்ல நினைவோடும், சுய புத்தியோடும், பிறர் தூண்டுதல் இல்லாமலும்" என்று ஆரம்பித்து, "ஆயுள் பரியந்தம் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று ஓடும் அந்த நடை நடுவே, திடீரென்று பத்திர எழுத்தருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வாக்கியம் வர வேண்டும், "மாடி அறையில் இருக்கும் வீணையை மட்டும் என் தம்பி தொடக்கூடாது" என்கிற மாதிரி. அங்கே செத்தவர் பேச ஆரம்பித்துவிடுவார்.

கதை 1980களில் நடக்கிறது என்றால் இன்னொன்று. சென்னை நகர எல்லைக்குள் இருக்கும் சொத்துக்கு இந்துக்கள் உயில் எழுதினால், அதை ஹைகோர்ட்டில் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்ற கோர்ட் சான்று, வாங்கித்தான் செல்லுபடி ஆக்க வேண்டியிருந்தது. நெருங்கிய உறவுகளுக்கெல்லாம் நோட்டீஸ் போகும். ஒருவர் ஆட்சேபம் சொன்னால் போதும், மனு முழு வழக்காக மாறிவிடும். உயிலில் பலன் அடைகிறவரே கூட இருந்து உயிலை எழுத ஏற்பாடு செய்தார் என்று தெரிந்தால் கோர்ட் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். இது 1958-லிருந்து சுப்ரீம் கோர்ட் சொல்லிவரும் விஷயம். உங்கள் வில்லனை அங்கே மாட்டவைக்கலாம்.

குடும்ப ரகசியம் என்றாலே எனக்குக் கொலை, இல்லாவிட்டால் கள்ளக்காதல், இரண்டைத் தவிர வேறு தோன்ற மாட்டேன் என்கிறது. வேறு ஏதாவது சொல்லுங்களேன் அக்கா.
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

தம்பி, நம் குடும்பங்களில் நிறைய ரகசியங்கள் தேதியில் ஒளிந்திருக்கின்றன. தாத்தாவுக்கு இரண்டு பெண்டாட்டி என்று வைத்துக்கொள். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இரண்டாம் கல்யாணத்தைத் தடுத்த சட்டம் வந்தது 1949-ல். அதற்கு முன்பு கட்டியிருந்தால் இளையவளும் முழு மனைவிதான். 1956-க்குப் பிறகு தாத்தா உயில் எழுதாமல் இறந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பங்கு. 1949-க்குப் பிறகு கட்டியிருந்தால் சட்டத்தின் கண்ணில் அவள் மனைவியே இல்லை. ஆனால் பின்னால் வந்த கல்யாணச் சட்டம் அவள் பிள்ளைகளைக் கைவிடவில்லை, அப்பா சொத்தில் பங்கு உண்டு என்றது. கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்பாவுக்குச் சேரும் பங்கிலும் உண்டு என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. ஆக ஒரு கல்யாணப் பத்திரிகையில் வருஷம் கிழிந்திருந்தால், கிழித்தது யார் என்பதே ஒரு நாவலுக்குப் போதும்.

இன்னொன்று ரங்கூன். பர்மாவுக்குப் போய்ச் சம்பாதித்தவர்களின் வீடுகள் இங்கே எவ்வளவு இருக்கின்றன. 1942-ல் குண்டு விழுந்தபோது காட்டு வழியாக நடந்தே வந்தவர்களில் எல்லோருமா எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள்? அங்கே விட்டுவந்த பெண், அங்கே விட்டுவந்த குழந்தை. 1960களில் பர்மாவிலிருந்து மறுபடி ஆயிரக்கணக்கில் தமிழர்கள் திரும்பினார்கள், பர்மா பஜார் உண்டான கதை அதுதான். அந்தக் கூட்டத்தோடு இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் வந்து இறங்கி, கையில் ஒரு போட்டோவோடு மயிலாப்பூரில் ஒரு வீட்டு வாசலில் நிற்கட்டும்.

ஆனால் நான் மிகவும் நம்பும் ரகசியம் இதைவிடச் சாதாரணமானது. அத்தைகளின் கையெழுத்து. "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே, அண்ணன் தம்பிக்கு விட்டுக்குடு" என்று சொல்லி, காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வாங்கப்பட்ட விடுதலைப் பத்திரங்கள். எந்தக் குடும்பத்தில் இல்லை? இதில் யாரும் கத்தியைத் தூக்கவில்லை, கதவைப் பூட்டவில்லை. சிரித்துக்கொண்டே நடந்தது. அப்புறம் அந்த அத்தை பொங்கலுக்கு வருவது குறைந்து, ஒரு நாள் வராமலே போய்விடுகிறாள். பிள்ளைகளிடம் "அவங்களுக்கு நம்மைப் பிடிக்காது" என்று சொல்லி வைத்திருப்பார்கள்.

இதற்கு ஒரு தடயம் தருகிறேன். கதாநாயகி அந்த வீட்டில் அத்தையின் கடிதக் கட்டைக் கண்டெடுக்கிறாள். முத்து முத்தான கையெழுத்து, இங்க் பேனாவில், வரிக்கு வரி நேராக. பிறகு பத்திர ஆபீசில் விடுதலைப் பத்திரத்தின் நகலை வாங்கிப் பார்க்கிறாள். எழுதிக்கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கைநாட்டு! பக்கத்தில் "எழுதப் படிக்கத் தெரியாதவர்" என்று குறிப்பு. கீழே, இவரை எங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று அடையாளம் காட்டிய இரண்டு பேர். ஒருவர் பெயர் அவளுக்குத் தெரியாது. இன்னொன்று அவள் தினமும் மாலையில் பேசிக்கொண்டிருக்கும் எதிர் வீட்டுப் பெரியவருடையது.

கதாநாயகனையே கொலைகாரன் என்று சந்தேகப்பட வைக்கிறார்கள், அவள் அவனையே காதலிக்கவும் செய்கிறாள். படித்தவள், சம்பாதிக்கிறவள் இப்படிச் செய்வாளா? எனக்கு எரிச்சலாக இருக்கிறது.
– ஒரு வாசகி, அண்ணா நகர்

எரிச்சல் நியாயம். அவன் சிடுசிடுப்பதையும் கையைப் பிடித்து இழுப்பதையும் காதல் என்று காட்டும் கதைகளை நான் போட்டியில் எடுக்கப்போவதில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அவன்மேல் பிரியம் வருவதற்குக் காரணம் பக்கத்தில் தெரிய வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு மோட்டார் ஓடவில்லை என்று சொன்னால் கேள்வி கேட்காமல் டார்ச்சோடு கிணற்றடிக்குப் போகிறவனாக இருக்கட்டும். சந்தேகம் வருவதற்கும் அதே மாதிரி திடமான காரணம் வேண்டும். அவன் முகம் இருண்டது, கண் சிவந்தது என்பதெல்லாம் காரணம் ஆகாது.

காரணத்தைச் சட்டத்தில் தேடுங்கள். அவள் செத்தால் வீடு யாருக்குப் போகும்? இந்தக் கேள்வியை எழுதுகிறவர் கேட்டுக்கொண்டால் பாதி மர்மம் ஒழுங்காகிவிடும். இந்துப் பெண் தானே சம்பாதித்து வாங்கிய சொத்து, அவள் உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளைகளும் கணவனும் இருந்தால் அவர்களுக்குத்தான் முதலில். ஆனால் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வாரிசு உரிமையில் வந்த சொத்து என்றால், அவளுக்குப் பிள்ளைகள் இல்லாத பட்சத்தில், அது கணவனுக்குப் போகாது, அவளுடைய அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். பாருங்கள், ஊரே புதுப் புருஷனைச் சந்தேகிக்கிறது, அவளும் அவன் கொடுக்கும் பாலைக் குடிக்க யோசிக்கிறாள், ஆனால் அவள் செத்தால் அவனுக்குச் செங்கல்கூடக் கிடைக்காது. கிடைக்கப்போவது, "உனக்கு நாங்க இருக்கோம் கண்ணு" என்று தினமும் டிபன் கேரியரோடு வரும் சித்தப்பாவுக்கு. இது அவளுக்கு முக்கால்வாசிக் கதையில் ஒரு வக்கீல் ஆபீசில் தெரிய வருகிறது. வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் அவள் மனசு என்ன பாடு படும், அதில் இருக்கிறது உங்கள் காதல் அத்தியாயம்.

இன்னொரு பிரிவும் இருக்கிறது. கொலை செய்தவன், கொலையுண்டவரின் சொத்துக்கு வாரிசு ஆக முடியாது. அதனால் சித்தப்பாவுக்கு அவள் சாவு விபத்தாகத் தெரிய வேண்டியது கட்டாயம். காணாமல் போனால் அவருக்குக் கஷ்டம், ஏழு வருஷம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பொறுமை இல்லாத வில்லன், ஈரத் தரை, பாசி பிடித்த மொட்டை மாடிப் படிக்கட்டு. மிச்சம் உங்கள் கையில்.

முடிவில் வீட்டை என்ன செய்யலாம்? எரித்துவிடலாமா?
– ஒரு வாசகர், தாம்பரம்

எரித்து முடித்தவர்கள் நிறைய பேர். சென்னையில் வீட்டை அழிக்க நெருப்பு வேண்டாம், பில்டரோடு ஜாயின்ட் வென்ச்சர் ஒப்பந்தம் போதும், ஆறு மாதத்தில் முற்றம் இருந்த இடத்தில் லிஃப்ட் குழி. அப்படி முடிக்கும் கதையை யாராவது எழுதினால் விரும்பிப் படிப்பேன்.

ஆனால் இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் செய்தவள் 1847-ல் வந்த நாவலின் கதாநாயகி ஜேன் அயர். அவளுக்கு மதேராத் தீவில் இருந்த சித்தப்பா 20,000 பவுண்டு விட்டுப்போகிறார். தனக்கு அடைக்கலம் கொடுத்த மூன்று பேரும் அதே சித்தப்பாவின் உறவு என்று தெரிந்ததும், அவள் யோசிக்காமல் நாலாகப் பிரித்து ஆளுக்கு 5,000 என்று கொடுத்துவிடுகிறாள். அவர்கள் வேண்டாம் என்கிறார்கள், இவள் விடமாட்டேன் என்று சண்டை போடுகிறாள். யாருக்குச் சேர வேண்டியதோ அவர்களுக்குக் கொடுத்து முடிக்கும் அந்த ஒரு காட்சிக்காக அந்த நாவலை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம். உங்கள் கதாநாயகியும் ரங்கூன் பையனுக்கோ, கைநாட்டு வைக்கப்பட்ட அத்தையின் மகளுக்கோ பங்கு எழுதிக் கொடுக்கட்டும். தானசெட்டில்மென்ட் பத்திரம், முறையாகப் பதிவு செய்து.

இது போட்டிக் கேள்வி இல்லை மேடம். என் அப்பாவின் அக்கா ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் காலமாகி, ராயப்பேட்டையில் இருக்கும் தன் சின்ன வீட்டை எனக்கு எழுதி வைத்திருக்கிறார். உயிலில் சாட்சி போட்ட ஒருவர் அதே தெருவில்தான் இருக்கிறார். அப்பாவிடம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். இதைக் கதையாக எழுதலாமா, கூடாதா என்று சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், சென்னை

எழுதலாம். ஆனால் கொஞ்ச நாள் கழித்து எழுதுங்கள் கண்ணா.

முதல் வேலை காகிதம். மூல உயிலை லேமினேட் செய்யாமல், பத்திரமாக வையுங்கள். வீட்டின் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், வரி ரசீது எல்லாம் எடுத்து ஒரு நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். அந்தச் சாட்சி இருக்கிறாரே, அவரைச் சீக்கிரம் போய்ப் பாருங்கள். நாளைக்கு யாராவது உயிலை ஆட்சேபித்தால், சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து வரக்கூடிய நிலையில் இருந்தால் அவர் கோர்ட்டில் வந்து, உயில் எழுதியவர் என் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் அத்தை தன் கடைசிக் காரியத்துக்கு நம்பிக் கூப்பிட்ட ஆள் அவர். அவருக்கு உங்கள் பெயர் ஏன் எழுதப்பட்டது என்று தெரிந்திருக்கலாம்.

அப்பா விஷயம். சொத்தைப் பற்றி அவரிடம் கொஞ்ச நாள் பேச வேண்டாம். அத்தையைப் பற்றிக் கேளுங்கள். என்ன படித்தார், குரல் எப்படி, உங்களில் யார் ஜாடை, சின்ன வயதில் இரண்டு பேரும் எந்தத் தெருவில் விளையாடினீர்கள், இந்த மாதிரி. எழுந்து உள்ளே போகிறவர்கள் எல்லோரும் குற்றம் செய்தவர்கள் இல்லை. அந்த வீட்டில் அப்போது அவரும் சின்னப் பையனாக இருந்திருக்கலாம், பெரியவர்கள் செய்ததைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம், அக்காவுக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்று இத்தனை வருஷமாக உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். அது தெரியாமல் இப்போதே எழுத உட்கார்ந்தால் அவரை வில்லனாக்கிவிடுவீர்கள். கதையிலும் அது தப்பு, வீட்டிலும் தப்பு.

எழுதும் நாள் வரும்போது தெருவை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், உறவுமுறையை மாற்றுங்கள், ஆனால் எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பும் முன் அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் அந்தச் சாட்சி வீட்டுக்குப் போய் வாருங்கள். காலையில் போங்கள், வயசானவர்களுக்கு மத்தியானத்துக்கு மேல் அசதியாகிவிடும். உயிலின் ஜெராக்ஸ் காப்பி ஒன்றும், அத்தையின் போட்டோ ஏதாவது இருந்தால் அதுவும் கையோடு கொண்டுபோங்கள். அவர் சொல்வதை அவர் அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.